பெயரைத் தப்பாக எழுதிய பெர்சி... வாசிக்கும் மூளையின் ரகசியம் தெரியவந்த கதை!

749-ஐ 867-ஆல் பெருக்கினால் என்ன வரும்? மொபைலில் கால்குலேட்டரைத் திறக்காமல் முயன்று பாருங்கள். விடை 6,49,383. பேப்பரும் பேனாவும் கையில் இருந்தாலும் நம்மில் பலருக்கு ஒன்றிரண்டு நிமிடங்கள் ஆகிவிடும்.

1896-ம் ஆண்டு இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் சீஃபோர்டு என்ற ஊரில், 14 வயதுப் பையன் ஒருவன் இந்தக் கணக்கை மளமளவென்று சரியாகப் போட்டுக் காட்டினான். அவன் பெயர் பெர்சி. அந்தப் பெயரை எழுதச் சொன்னபோதுதான் சிக்கல். ஆங்கிலத்தில் இரண்டாவது எழுத்தையும் மூன்றாவது எழுத்தையும் இடம் மாற்றி, 'பிரெசி' என்று எழுதினான். தப்பாக எழுதியிருக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. ஒரு தடவைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகுதான் கவனித்தான்.

பெர்சி பள்ளிக்கூடம் போகாத பையன் அல்ல. ஏழு வயதிலிருந்து ஆசிரியர்கள் விடாமல் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கண்பார்வையில் கோளாறு இல்லை. விளையாட்டில் கெட்டி. எண்களைச் சரளமாகப் படிப்பான். ஆனால், அச்சடித்த வார்த்தைகளைப் பார்த்தால் தனக்கு ஒன்றுமே புரிவதில்லை என்று அவனே சொன்னான். பாடம் முழுவதையும் வாயால் சொல்லிக் கொடுத்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரப் பையன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியரும் சொல்லியிருக்கிறார்.

பெர்சியைப் பரிசோதித்த டாக்டர் பிரிங்கிள் மார்கன், அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைப் பற்றி எழுதினார். 'பிறவி வார்த்தைக் குருடு' என்று அதற்குப் பெயர் வைத்தார். இன்று நாம் டிஸ்லெக்ஸியா என்று சொல்வது இதைத்தான்.

'தாரே ஜமீன் பர்' பார்த்தவர்களுக்கு இந்த வார்த்தை புதிதல்ல. 2007-ல் வந்த அந்தப் படம், 'படிக்காத பையன்' என்று திட்டு வாங்கும் குழந்தைகளைப் பற்றி வீட்டுக்கு வீடு பேசவைத்தது. ஆனால், படத்தில் வராத ஒரு பாதிக் கதை இருக்கிறது. வாசிக்கத் திணறும் குழந்தைகளின் மூளையை ஆராயப்போய்த்தான், வாசிக்கத் தெரிந்த மற்ற எல்லோருடைய மூளையிலும் என்ன நடக்கிறது என்பதே விஞ்ஞானிகளுக்குப் பிடிபட்டது.

எழுதுவார்... எழுதியதைப் படிக்க முடியாது!

பெர்சிக்குச் சில வருடங்களுக்கு முன்பு, பாரிஸில் ஒரு சம்பவம். 1887-ல் ஓய்வுபெற்ற வியாபாரி ஒருவரால் திடீரென்று ஒரு வார்த்தையைக்கூடப் படிக்க முடியவில்லை. பேச்சு தெளிவாக இருக்கிறது. எதிரே நிற்பவர் யாரென்று தெரிகிறது. பேனாவைக் கொடுத்தால் சரியாக எழுதுகிறார். ஆனால், தான் எழுதியதையே அவரால் திரும்பப் படிக்க முடியவில்லை. எண்கள் மட்டும் புரிந்தன.

அவரைத் தொடர்ந்து கவனித்துவந்த நரம்பியல் மருத்துவர் ஜூல் டெஜெரின், 1892-ல் அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்தார். மூளையின் இடப்பக்கப் பின்பகுதியில் பாதிப்பு இருந்தது. பக்கவாதம் அந்த இடத்தைத் தாக்கியிருக்கிறது.

நூறு வருடம் கழித்து ஸ்கேன் கருவிகள் வந்தன. பிரான்ஸைச் சேர்ந்த ஸ்தனிஸ்லாஸ் தெஹான், லோரான் கோஎன் ஆகியோர், மூளையின் இடப்பக்கம் பின்புறத்தின் அடிப்பகுதியில் ஒரு சின்ன இடத்தைச் சுட்டிக்காட்டினார்கள். எழுத்தைப் பார்த்ததும் சுறுசுறுப்பாகிவிடும் இடம் அது. ஆங்கிலம் படிப்பவருக்கும், சீனம் படிப்பவருக்கும் கிட்டத்தட்ட அதே இடம்தான். இந்த வரியை நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மூளையிலும் அந்த இடம்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இதில் ஒரு புதிர். மனிதன் எழுத ஆரம்பித்து சுமார் 5,000 வருடங்கள்தான் ஆகின்றன. அதிலும் சாதாரண மக்கள் பெருவாரியாக எழுதப் படிக்க ஆரம்பித்தது நேற்று முன்தினம் மாதிரி. வாசிப்புக்கென்று மூளையில் ஒரு தனிப்பகுதி பரிணாமத்தில் உருவாக இந்தக் காலம் போதவே போதாது. அப்படியென்றால், பிறக்கும்போதே அந்த இடம் எதற்காக இருந்தது?

முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண்பதற்காக. படிக்கத் தெரியாதவர்களின் மூளையில் அந்த இடம் அந்த வேலையைத்தான் பார்க்கிறது. பள்ளிக்கூடம் போகும் குழந்தை, வேறு வேலைக்காக இருந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுத்துக்கு மாற்றுகிறது. பழைய வீட்டின் ஒரு அறையைக் கடையாக மாற்றுகிறோமே, அந்த மாதிரி. பேச்சு தானாக வரும். குழந்தையைச் சுற்றி நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் போதும். வாசிப்பு அப்படி வராது. எல்லாக் குழந்தைகளுக்கும் அது உள்ளே நடக்கும் ஒரு கட்டுமான வேலை. பெரும்பாலான குழந்தைகளிடம் சத்தமில்லாமல் முடிந்துவிடுவதால், அது எவ்வளவு பெரிய வேலை என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கப்பும் கைப்பிடியும்

எல்.கே.ஜி குழந்தை எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதினால் பதறும் அம்மாக்கள் அதிகம். ஆங்கிலச் சின்ன எழுத்தில் 'பி'யை 'டி'யாக எழுதினால், 'டிஸ்லெக்ஸியாவா இருக்குமோ' என்று கூகுளில் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஒரு காபி கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது ஒரே கப்தான். மாடு இடது பக்கம் பார்த்து நின்றாலும் வலது பக்கம் பார்த்து நின்றாலும் மாடுதான். இடமும் வலமும் மாறினாலும் பொருள் ஒன்றே என்பது மூளை தெரிந்துவைத்திருக்கும் மிகப் பழைய பாடம். எழுத்து மட்டும் இந்த விதிக்குள் வராது. அதே வட்டம், அதே கோடு. கோடு இந்தப் பக்கம் இருந்தால் 'பி', அந்தப் பக்கம் இருந்தால் 'டி'. குழந்தை தெரிந்துவைத்திருந்த பழைய பாடத்தை, எழுத்துகளுக்கு மட்டும் மறக்க வேண்டியிருக்கிறது.

அதனால் நாலைந்து வயதில் எழுத்தைத் திருப்பி எழுதுவது பெரும்பாலான குழந்தைகள் செய்வதுதான். அதை மட்டும் வைத்து டிஸ்லெக்ஸியா என்று முடிவு கட்டக் கூடாது.

கண்ணில் இல்லை... காதில் இருக்கிறது!

டிஸ்லெக்ஸியா என்றால் எழுத்துகள் கண்முன்னே நடனம் ஆடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சினிமாவில் காட்ட அது வசதி. ஆனால், பெரும்பாலான குழந்தைகளிடம் சிக்கல் இருப்பது, சொல்லில் இருக்கும் ஒலிகளைப் பிரித்து அறிவதில்.

'பல்' என்ற சொல்லில் 'ப்' என்ற ஒலியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? 'அல்'. நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. 1979-ல் போர்ச்சுகலில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் இதேபோன்ற கேள்விகளைக் கேட்டபோது பெரும்பாலானவர்களால் சொல்ல முடியவில்லை. அதே பின்னணியில் வளர்ந்து, பெரியவர்களான பிறகு படிக்கக் கற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். முதல் குழுவில் இருந்தவர்கள் வாய் நிறையப் பேசுபவர்கள். அறிவில் குறைந்தவர்கள் அல்ல. சொல்லை ஒலிகளாக உடைத்துக் கேட்கும் காது, எழுத்தோடு சேர்ந்து வளர்கிறது. அவ்வளவுதான்.

தமிழில் இதை நம் முன்னோர்கள் எப்போதோ உடைத்துவைத்துவிட்டார்கள். 'க் என்ற மெய்யும் அ என்ற உயிரும் சேர்ந்தால் க' என்று ஒன்றாம் வகுப்பில் கோரஸாகப் பாடியது நினைவிருக்கிறதா? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. பயமுறுத்தும் எண்ணிக்கைதான். ஆனால், அத்தனையும் ஒரு சின்ன விதியில் அடங்கிவிடும்.

அதற்காகத் தமிழ் சுலபம் என்று சொல்லிவிட முடியாது. 'கெ' என்று எழுதும்போது காது முதலில் கேட்பது 'க்'. கண் முதலில் பார்ப்பது கொம்பு. 'கொ' வந்தால் எழுத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் எழுதுவது ஒரே 'க'. சொல்லும்போது மூன்று விதம். போதாததற்கு ல, ள, ழ. படித்த பெரியவர்களே ஃபேஸ்புக்கில் தடுமாறும் இடம் அது. எழுத்து அமைப்பில் தமிழுக்கு உறவான கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வு, குழந்தைகள் நான்காம் வகுப்பிலும்கூட எழுத்துகளைக் கற்றுக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்று காட்டியது. ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லா எழுத்தும் தெரிந்தாக வேண்டும் என்று அவசரப்படும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம்.

ஜப்பானிய மொழியில் கெட்டி, ஆங்கிலத்தில் திணறல்

1999-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஆங்கிலம் பேசும் பெற்றோருக்குப் பிறந்து ஜப்பானில் வளர்ந்த 16 வயதுப் பையனைப் பற்றியது. ஜப்பானிய மொழியில் அவன் கல்லூரி மாணவர்களுக்கு இணையாகப் படிப்பான். ஆங்கிலம் என்றால் கடும் திணறல். ஒரே பையன், ஒரே மூளை. ஒரு மொழியில் டிஸ்லெக்ஸியா, இன்னொரு மொழியில் இல்லை!

காரணம், எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலான உறவு ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு மாதிரி இருப்பது. ஆங்கிலத்தில் 'பட்', 'புட்' இரண்டுக்கும் நடுவில் அதே எழுத்து. இத்தாலியன் அப்படி ஏமாற்றாது. 2001-ல் இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி ஆகிய மூன்று நாடுகளிலும் டிஸ்லெக்ஸியா உள்ளவர்களை ஒப்பிட்டார்கள். வாசிப்பில் இத்தாலியர்கள் மற்ற இருவரையும்விடத் தேவலை. ஸ்கேனில் மூவரிடமும் அதே இடத்தில் அதே மந்தம். உள்ளே இருப்பது ஒன்றுதான். அது எவ்வளவு தூரம் வெளியே தெரியும் என்பதை மொழியும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

நம் ஊர்க் குழந்தைக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், இரண்டாம் மொழியாக இந்தி என்று மூன்று எழுத்து முறைகளை ஒரே நேரத்தில் சுமக்கும் குழந்தைகள் இங்கே ஏராளம். 'இங்கிலீஷ்லதான் வீக், தமிழ் படிச்சிடுறான்' என்று சொல்லும் பெற்றோர், அவன் தமிழை எவ்வளவு வேகத்தில் படிக்கிறான் என்றும் பார்க்க வேண்டும். எழுத்தும் ஒலியும் ஓரளவு ஒத்துப்போகும் மொழிகளில், தப்பு குறைவாக வரும். ஆனால், எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, நத்தை மாதிரி நகரும். ஒரு மொழியில் மட்டும் சோதித்துவிட்டு முடிவுக்கு வருவது ஆபத்து. மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், இந்திய மொழிகளிலேயே டிஸ்லெக்ஸியாவைக் கண்டறியும் சோதனைத் தொகுப்பை உருவாக்கியதும் இதனால்தான்.

அடித்தால் வருமா?

டிஸ்லெக்ஸியா குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது. பின்லாந்தின் யுவாஸ்குலா நகரில் சுமார் 200 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அப்பா அல்லது அம்மாவுக்கு டிஸ்லெக்ஸியா. ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே, பேச்சொலிகளுக்கு இந்தக் குழந்தைகளின் மூளை காட்டிய எதிர்வினை மற்ற குழந்தைகளிடமிருந்து வேறுபட்டது. புத்தகத்தைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல வருடங்கள் முன்பே!

சோம்பேறி, மக்கு, டிவி பார்த்துக் கெட்டுப்போனவன் என்ற பட்டங்களுக்கெல்லாம் இதில் இடமே இல்லை. புத்திசாலித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நூற்றுக்கு 5 முதல் 10 குழந்தைகளுக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 40 பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு, மூன்று, நான்கு பேர்.

டிஸ்லெக்ஸியா பற்றிப் பேசினாலே ஐன்ஸ்டீன் படத்தைப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அவருக்கு டிஸ்லெக்ஸியா இருந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. குழந்தையைத் தைரியப்படுத்த நோபல் விஞ்ஞானி தேவையும் இல்லை. அவனும் ஐன்ஸ்டீன் ஆக வேண்டும் என்று இன்னொரு பாரத்தை ஏன் ஏற்ற வேண்டும்?

சரி, மூளை மாறுமா? மாறும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில், வாசிக்கத் திணறிய 8 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்கு ஆறு மாதங்களில் 100 மணி நேரம் தீவிர வாசிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளில் பலவீனமாக இருந்த இடம் மேம்பட்டிருந்தது. வாசிப்பும் முன்னேறியிருந்தது.

குழந்தை மூளை வளையும், பெரியவர்களுக்கு வளையாது என்று நினைத்தால் லக்னோவுக்குப் போக வேண்டும். நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், எழுத்து வாசனையே இல்லாத, சராசரியாக 30 வயது கடந்தவர்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் பெண்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் மேற்பரப்பில் மட்டுமல்ல, அடியாழத்தில் இருக்கும் தலாமஸ், மூளைத்தண்டு வரைக்கும் இயக்கம் மாறியிருந்தது. 2017-ல் இந்த முடிவு வெளியானது. டிஸ்லெக்ஸியா உள்ளவர்களின் மூளையில் காணப்படும் வித்தியாசங்களில் எது காரணம், எது குறைவாகப் படித்ததன் விளைவு என்ற சந்தேகத்தையும் இந்த ஆய்வு கிளப்பிவிட்டது. படிப்பே மூளையை இவ்வளவு மாற்றும் என்றால், படிக்காமல் ஒதுங்கிப்போவதும் மாற்றாதா?

எதைக் கவனிக்கலாம்?

நன்றாகக் கதை சொல்லும், கேள்வி கேட்டால் வாயால் டக்கென்று பதில் சொல்லும் குழந்தை, எழுதச் சொன்னால் வயிற்றுவலி என்கிறதா? முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்துப் படிக்கிறதா? ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுகிறதா? கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் எப்போதும் கடைசியா? இரண்டாம் வகுப்பு தாண்டியும் இவையெல்லாம் தொடர்ந்தால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்தால், மருத்துவ உளவியலாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரிடம் போகலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதற்காகவே இயங்கிவருகிறது.

பயிற்சி என்றால் மாயமந்திரம் இல்லை. ஒலியையும் எழுத்தையும் ஒவ்வொன்றாக, பொறுமையாக, வரிசை தப்பாமல் இணைப்பது. 1930-களில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன், ஆசிரியை ஆனா கில்லிங்ஹாம் ஆகியோரின் முயற்சியில் ஒரு முறை உருவானது. குழந்தை எழுத்தைக் கண்ணால் பார்க்கும், வாயால் சொல்லும், காதால் கேட்கும், விரலால் வரையும். எல்லாம் ஒரே நேரத்தில். மணலைப் பரப்பி, விரலால் 'அ' எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லவைத்த நம் திண்ணைப் பள்ளிக்கூடம் உங்களுக்கு நினைவுக்கு வந்தால் ஆச்சர்யமில்லை. பிரம்பை மட்டும் கழித்துவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கலர் கண்ணாடி போட்டால் வாசிப்பு சரியாகும், மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன் செய்தால் கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்கும் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கெல்லாம் அறிவியல் ஆதாரம் இல்லை. அந்தப் பணத்தில் பல மாதங்களுக்குச் சிறப்புக் கல்வியாளரிடம் அனுப்பலாம்.

சட்டமும் இப்போது துணைக்கு இருக்கிறது. 1995-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைகள்தான் இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளாக விரித்தபோதுதான் அது உள்ளே வந்தது. பாடத்தை வாயால் சொல்லிக் கொடுத்தால் இவன் கெட்டிக்காரன் என்று பெர்சியின் ஆசிரியர் சொல்லி, சரியாக 120 வருடம் கழித்து.

தமிழ்நாட்டில் டிஸ்லெக்ஸியா சான்றிதழ் பெற்ற மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதித்தர ஒரு ஸ்க்ரைப், ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி வழியாக விண்ணப்பித்து, மருத்துவச் சான்று பெற்று, ஒப்புதல் வாங்க வேண்டும். தேர்வு நெருங்கிய பிறகு அலையாமல், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரிடம் பேசிவிடுவது நல்லது. பத்தாம் வகுப்பு வரைக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் குழந்தையை டியூஷனுக்கு மேல் டியூஷனாக அனுப்பிக்கொண்டிருக்கும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. உங்கள் தெருவிலேயே ஒன்று இருக்கலாம்.